இருபதும் பெற்றவள்

யோபுவின் மனைவியாக நிறுத்தப்பட்ட கட்டைவிரல் உயரப் பிளாஸ்டிக் பொம்மை, கடைசிப் படத்துக்கு நிற்க மாட்டேன் என்று மேஜைமேல் சரிந்து கிடந்த பொம்மை வீட்டின் இடிபாட்டுக்குள் இறங்கிவிட்டாள். பொம்மைகளை வைத்து வேதாகமக் கதைகளைப் படமெடுத்துக் குழந்தைகள் புத்தகம் செய்யும் பெண், காலையில் மாடி அறை ஜன்னலைத் திறந்தபோது, பொம்மை ஒவ்வொரு கல்லாகப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அதுவரை எந்தப் பொம்மையும் அந்தப் படக்காரிக்குத் தொல்லை கொடுத்ததில்லை. நோவாவின் பேழை சோப்பு நுரையில் சமத்தாக மிதந்தது. கோலியாத் சொன்ன பக்கம் விழுந்தான். யோபுவின் பிள்ளைகள் பத்துப் பேரும் விருந்துண்ட வீட்டைப் பிளாஸ்டிக் கல்லால் கட்டி, மேஜை விசிறியைத் திருப்பி வைத்து, பெருங்காற்றில் அவர்கள் மேல் அது சரிவதையும் எடுத்தாயிற்று. கடைசிப் பக்கம்தான் வினை. இழந்ததெல்லாம் யோபுவுக்குத் திரும்பி வரும் பக்கம். மறுபடியும் பத்துப் பிள்ளைகள். புதுப் பொம்மைகள் கேட்டவளிடம், செத்த பத்தையே எடுத்து முடியை மாற்றி நிறுத்தச் சொன்னார் பதிப்பாசிரியர்.

"பிள்ளைங்களுக்கு என்னம்மா தெரியப்போகுது? பத்து போச்சு, பத்து வந்துச்சு. கணக்கு சரியாப்போச்சு."

இந்தக் கணக்கைப் படக்காரி முன்பே கேட்டிருக்கிறாள். மூத்த மகள் காய்ச்சலில் போனபோது, துக்கம் கேட்க வந்தவர்கள் செருப்பை மாட்டும் முன்பே, வயசிருக்கிறது, இன்னொன்று பிறக்கும் என்றார்கள். மகன் பிறந்ததும், குறை தீர்ந்தது என்று சொல்லி, மூத்தவளின் படத்தைக் கூடத்திலிருந்து கழற்றிப் பரணில் போட்டார் மாமியார். கணவன் தடுக்கவில்லை. அதற்குப் பிறகு மூத்தவளைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. மகன் மேல் படக்காரிக்கு உயிர். ஆனால் அவன் அவன்தான், அவள் அவள்தான். இதை ஒருவர் மண்டையிலும் ஏற்ற முடியவில்லை. இப்போதும் பல்லைக் கடித்துக்கொண்டு முடியை மாற்றி வரிசையாக நிறுத்தினாள். மறுநாள்தான் யோபுவின் மனைவி இடிபாட்டுக்குள் இறங்கினாள்.

பதிப்பாசிரியர் வந்து பார்த்து, ஆச்சரியப்படாமல் எரிச்சல் மட்டும் பட்டார். பொம்மையைத் தூக்கி யோபுவின் பக்கத்தில் பசை போட்டு ஒட்டினார். கையை எடுத்ததும் அவள் காலைப் பிய்த்துக்கொண்டு கற்களிடம் போனாள். உன் பிள்ளைகள்தானே இங்கே நிற்கின்றன என்று அவர் அதட்ட, அவள் வேலையை நிறுத்தாமலே சொன்னாள்.

"இவங்க இவங்க. நான் தேடுறது அவங்களை."

திமிர் பிடித்த பொம்மை, விட்டுத் தள்ளு என்றார் அவர். வேதத்திலேயே கடைசியில் அவள் பேச்சு இல்லையே, யோபுவும் பிள்ளைகளும் போதும் என்றார்.

படக்காரி வேலைக்கு வந்ததிலிருந்து முதல்முறையாகக் குரலை உயர்த்தினாள். "இருபதும் பெத்தவ சார் அவ. அவளை விட்டுட்டு என்ன படம்?"

அவர் கேமராவைப் பிடுங்கித் தானே எடுத்து அச்சுக்கு அனுப்பினார். புத்தகங்கள் வந்தபோது, ஒவ்வொரு பிரதியிலும், யோபுவின் சிரித்த குடும்பத்துக்குப் பின்னால், மூலையில் அவள் கல் புரட்டிக்கொண்டிருந்தாள். மறுபடி அச்சடித்தார்கள், மறுபடியும் இருந்தாள். அச்சகத்தார் அலுத்துப்போய் அப்படியே கட்டி அனுப்பிவிட்டார்கள். ஞாயிறு வகுப்பு டீச்சர்கள் அந்தப் பக்கத்தை மெதுவாகத் திருப்பப் பழகிக்கொண்டார்கள். வேலை நடக்கிற இடம், பார்த்துத் திருப்பு என்று பிள்ளைகளுக்கும் சொல்லிவைத்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிரதியைக் கணவன் நின்றபடியே புரட்டினான். கடைசிப் பக்கத்து மூலையில் கல் புரட்டுகிறவளைக் கண்டு அங்கேயே விரலை வைத்துக்கொண்டான்.

"நம்ம மூத்தவளுக்கு இப்ப என்ன வயசிருக்கும்?" என்றான்.

அவள் சொன்னாள். அவன் ஏணியை எடுத்து வந்து பரணில் சாத்தினான்.