செயலாளர் ஹில்டா தொடர்கிறார்

ஹில்டா ஆக்ராய்ட் பிப்ரவரி மாதம் இறந்துபோனார். மார்ச்சில் கூடிய ஆண்டுக் கூட்டத்தில் செயலாளர் பொறுப்புக்கு வேறு யாரும் முன்வராததால், அவரே தொடர்ந்து பணியாற்றி வந்தார். யார்க்‌ஷரில் தார்ஸ்பி என்கிற இங்கிலாந்துச் சிற்றூரில் ஓய்வுபெற்றவர்கள் சேர்ந்து நடத்தும் சங்கம் அது. வியாழக்கிழமைதோறும் மதியம் தேவாலயத்தை ஒட்டிய மண்டபத்தில் கூடும். சம்பளம் வாங்கும் ஆசிரியர் கிடையாது. தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லித்தர வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. பல் வைத்தியராக இருந்த ஜெரால்ட் பிக்கர்ஸ்கில் சங்கத் தலைவர். இத்தாலிய மொழியும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். அவருடைய மாணவர்கள் பல வருஷமாகப் பாடப் புத்தகத்தின் அதே உணவகத்தில் அதே மீனுக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள், மீன் வந்தபாடில்லை. இன்னொரு மூலையில் யுகுலேலே என்கிற குட்டி கிட்டார், அதற்கடுத்த மூலையில் பழைய பதிவேடுகளில் பாட்டன் முப்பாட்டனைத் தேடுகிறவர்கள், கோடை வந்தால் பறவை பார்க்கப் போவது. இத்தனைக்கும் மண்டபத்தைத் திறப்பது, நாற்காலி போடுவது, பேச்சாளரைப் பிடித்துவருவது, பாய்லரில் தண்ணீர் கொதிக்கவைப்பது, பிஸ்கட் வாங்குவது எல்லாம் செயலாளர் தலையில். தபால் ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கையோடு, ஒரே ஒரு வருஷத்துக்கு மட்டும் என்று சொல்லித்தான் ஹில்டா இதை ஏற்றிருந்தார்.

ஒவ்வொரு மார்ச்சிலும் ஜெரால்ட் எழுந்து, "செயலாளர் பொறுப்புக்கு யாராவது..." என்று இழுப்பார். உடனே மண்டபம் முழுக்கத் தலை குனிந்துவிடும். வயதான மனிதர்கள் தங்கள் ஷூவை அவ்வளவு அக்கறையாகப் பார்ப்பதை வேறெங்கும் பார்க்க முடியாது. "அப்போ ஹில்டாவே தொடரட்டும்" என்பார் ஜெரால்ட். எல்லோரும் கை தூக்குவார்கள், கைதட்டுவார்கள், கேக் சாப்பிடுவார்கள். அடக்கம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகாத அந்த மார்ச்சில், முதலில் ஹில்டாவுக்காக எழுந்து மௌனமாக நின்றார்கள். ஹில்டாவின் பக்கத்து வீட்டுக்காரரான டோரீன் விசும்பினார். பிறகு ஜெரால்ட் வழக்கம்போல் இழுத்தார், வழக்கம்போல் தலைகள் குனிந்தன. வாய்ப் பழக்கத்தில் அவர் "அப்போ ஹில்டாவே" என்று சொல்லிவிட, கைப் பழக்கத்தில் எல்லோரும் தூக்கிவிட்டார்கள். தூக்கிய பிறகுதான் உறைத்தது. ஆனால் நிறைவேறிவிட்ட தீர்மானத்தைத் திரும்ப எடுப்பது என்றால் யாராவது எழுந்து பேச வேண்டும், பேசினால் எல்லோருக்கும் சங்கடம். தார்ஸ்பியில் சங்கடத்தை யாரும் விரும்புவதில்லை. கேக்கைச் சாப்பிட்டுவிட்டுக் கலைந்தார்கள். அடுத்த வியாழக்கிழமை வந்தபோது மண்டபம் திறந்திருந்தது, பாய்லர் கொதித்துக்கொண்டிருந்தது, புதைத்த அன்று போட்டுவிட்ட நீலக் கோட்டோடு ஹில்டா தட்டில் பிஸ்கட் அடுக்கிக்கொண்டிருந்தார். "கொஞ்சம் இளைச்ச மாதிரி இருக்கீங்க ஹில்டா" என்று மட்டும் சொன்னார் டோரீன். அதற்குமேல் கேட்பது மரியாதையாக இருக்காது.

ஹில்டாவின் கணவர் வில்ஃப் அந்தச் சங்கத்தில் சேர்ந்ததில்லை. பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். மனிதர்களை ஏற்றி இறக்கியது போதும் என்று நகராட்சித் தோட்டத்தில் ஒரு துண்டு நிலம் வாடகைக்கு எடுத்துப் பட்டாணியோடு குடித்தனம் நடத்தினார். அந்த வியாழக்கிழமை டோரீன்தான் அங்கே வேலிக்கு வெளியே வந்து நின்றார்.

"வில்ஃப், ஒண்ணு சொன்னா பதறக் கூடாது. ஹில்டா மண்டபத்துல இருக்காங்க."

"இருந்து?"

"நாற்காலி போடறாங்க."

வில்ஃப் சேறு அப்பிய பூட்ஸோடு ஓடினார். ஹில்டா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தரையை இப்பதான் துடைச்சேன்" என்றார். வீட்டுக்கு வா என்று வில்ஃப் கெஞ்சிப் பார்த்தார். "முடியாது வில்ஃப். இந்த வேலைக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவுதான் என்னைத் திருப்பிக் குடுத்திருக்காங்க. அந்தக் கதவுக்கு வெளிய நான் இல்ல" என்றார் அந்த அம்மாள். ஆகவே வில்ஃப் சங்கத்தில் சேர்ந்தார். இத்தாலியனில் சேர்ந்தார், யுகுலேலேயில் சேர்ந்தார். ஒரு பாட்டும் வரவில்லை, மீனும் வரவில்லை. ஆனால் முதல் வருஷம் அவர் சந்தோஷமாகத்தான் இருந்தார், அதை மறைக்க வேண்டியதில்லை. வகுப்பு முடிந்ததும் கோப்பை துடைக்கும் சாக்கில் மனைவி பக்கத்தில் நின்று பட்டாணி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று சொல்வார். நாற்பது வருஷக் கல்யாணத்தில் பேசாததையெல்லாம் அந்தச் சமையலறையில் பேசித் தீர்த்தார்.

இரண்டாம் வருஷம் ஹில்டா சுவரில் சாய ஆரம்பித்தார். "கால் வலிக்குதுன்னு சொல்லலாம்னா வலிக்கற அளவுக்குக் காலே இல்ல. ஆனா தூக்கம் வருது வில்ஃப். அப்படியொரு தூக்கம் வருது. யாரையாவது ஒருத்தரைக் கையைத் தூக்கச் சொல்லேன்." வில்ஃப் வீடுவீடாகப் போனார். ஒருவர் இரண்டு பொறுப்பு வகிக்கக் கூடாது என்றார் ஜெரால்ட். பொறுப்பில் இருப்பவர் இறந்தால் என்ன செய்வது என்று சங்க விதியில் எழுதவில்லை, வேறொருவர் வந்தால்தான் விடுவிக்க முடியும் என்றும் வருத்தத்தோடு விளக்கினார். டோரீன் தன் முட்டியைக் காட்டினார். மற்றவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் இருந்தார்கள், கண்புரை இருந்தது, ஸ்பெயினில் வீடு இருந்தது. ஹில்டா மாதிரி யாரால் செய்ய முடியும் என்று எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் சொன்னார்கள். நீங்களே செய்யலாமே என்று வில்ஃபை யாரும் கேட்கவில்லை. அது அவருக்கு நிம்மதியாக இருந்தது, அந்த நிம்மதியை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. அவர் கையைத் தூக்கினால் ஹில்டா தூங்கப் போய்விடுவார், பிறகு வியாழக்கிழமையும் மற்ற நாள் மாதிரி ஆகிவிடும். மார்ச் வந்தபோது வில்ஃபும் ஷூவைப் பார்த்தார். தலை நிமிர்ந்தபோது ஹில்டா சமையலறை வாசலில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை. கேக் வெட்ட உள்ளே போய்விட்டார்.

அதன்பிறகுதான் மறதி வந்தது. வேலைக்குத் தேவைப்படாததெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டது. பட்டாணியை விசாரிப்பது நின்றது. குடியிருந்த தெருவின் பெயர் போயிற்று. தன் அக்கா பெயரை வில்ஃப் சொன்னபோது, யாரோ பேச்சாளர் என்று நினைத்து, எதைப்பற்றிப் பேசப் போகிறார், ஸ்லைடு காட்டுவாரா என்று கேட்டார் ஹில்டா. மேடை, திரை, நாற்காலிக் கணக்கு மட்டும் துல்லியமாக இருந்தது. ஒரு நவம்பர் மதியம் வில்ஃப் கோப்பை துடைக்கத் துணியை எடுத்தபோது ஹில்டா முகமெல்லாம் சிரிப்பாக வந்து கை குலுக்கினார்.

"வாங்க வாங்க, புதுசா சேர்ந்திருக்கீங்களா? இத்தாலியனா, யுகுலேலேயா?"

"யுகுலேலே" என்றார் வில்ஃப். கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு, வகுப்பு முடியும்வரை வெளியே வரவில்லை.

அடுத்த மார்ச்சில் ஜெரால்ட் எழுந்து இழுத்தார். தலைகள் குனிந்தன. ஒரு கை மட்டும் மேலே போயிற்று. அப்படி நடந்து பழக்கமில்லாததால், வில்ஃப் கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்கிறார் என்று ஜெரால்ட் நினைத்துவிட்டார். "நான் செய்யறேன்" என்றார் வில்ஃப். தன்னுடைய வயதும் அவருக்குத் தெரியும், அந்த மண்டபத்தில் இருந்தவர்களையும் தெரியும். தனக்குப் பிறகு ஒரு கை எழாது என்பதைத் தெரிந்துகொண்டுதான் தூக்கினார். அவர் சொல்லி முடிக்கும் முன்பே "வழிமொழிகிறேன்" என்று டோரீன் கத்தினார். முட்டி வலிக்கிறவர் எழுந்தே நின்றுவிட்டார்.

ஹில்டா சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். "இடது பக்கக் குழாய் சொட்டும், கீழ ஒரு துணி போட்டுடுங்க. இஞ்சி பிஸ்கட்டை முதல்லயே வெச்சா இத்தாலியன்காரங்க காலி பண்ணிடுவாங்க" என்றார். கோட்டுப் பித்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு வாசல்வரை நடந்தவர், அங்கே நின்று திரும்பினார். வில்ஃபை மேலும் கீழும் பார்த்தார். "சபைக்கு வர்ற மனுஷன் தலையைக் கொஞ்சம் வாரிக்கக் கூடாதா வில்ஃப்?" என்றார். அவர் பெயரை ஹில்டா வாயிலிருந்து கேட்டுப் பல மாதம் ஆகியிருந்தது. வில்ஃப் பதில் சொல்வதற்குள் அந்த அம்மாள் கதவைத் தாண்டிவிட்டார். பின்னாலேயே ஓடிப் பார்த்தார். கார் நிறுத்துமிடத்தில் யாரும் இல்லை. வாசலிலேயே நின்று அழுதார். உள்ளேயிருந்து யாரோ டீ எப்போது வரும் என்று கேட்டார்கள்.

வில்ஃப் இரண்டு குளிர்காலம் கழித்து நிமோனியாவில் இறந்தார். ஹில்டாவுக்குப் பக்கத்திலேயே அவரைப் புதைத்தார்கள். மார்ச்சில் யாரும் முன்வரவில்லை. இந்தமுறை மௌனமாக நிற்பதை ஜெரால்ட் சுருக்கமாக முடித்துக்கொண்டார், எப்படியும் வியாழக்கிழமை பார்க்கப்போகிறோம் என்று. வில்ஃப் வந்தார், நாற்காலி போட்டார். மற்றவை அவரிடமிருந்து கழல வெகுகாலம் ஆகவில்லை. தோட்டத் துண்டு வேறொருவர் கைக்குப் போயிற்று, அதை அவர் விசாரிக்கவில்லை.

ஒரு மழை மதியம் டோரீன் மனசு கேட்காமல் சமையலறைக்குள் போனார்.

"வில்ஃப், ஹில்டாவை ஞாபகம் இருக்கா?"

வில்ஃப் நிஜமாகவே யோசித்தார். உதவ வேண்டும் என்கிற ஆசை முகத்தில் தெரிந்தது. "எந்த வகுப்பு அவங்க?"

"வகுப்பு ஒண்ணும் இல்ல. இப்ப அவங்க வர்றதில்ல."

"அப்ப அவங்களுக்கு டீ வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வில்ஃப் தட்டிலிருந்து ஒரு கோப்பையை எடுத்து அலமாரியில் கவிழ்த்துவைத்தார். டோரீன் வீட்டுக்குப் போய் இருட்டும்வரை அழுதார். மார்ச்சில் அவர் கை தூக்கவில்லை. அந்த வருஷம் புதிதாகச் சேர்ந்தவர்கள்கூட, இவ்வளவு ஒழுங்காக நடக்கும் சங்கத்தை வேறெங்கும் பார்த்ததில்லை என்று சொன்னார்கள்.