ஏலம் போகாத பசு

ராஜாவுக்குக் கோட்டை வேண்டும், பீரங்கி வேண்டும். தலைநகரம் கோபன்ஹேகனைச் சுற்றி அரண் எழுப்பாவிட்டால் அவருக்குத் தூக்கமே வராது போலிருந்தது. அதற்குக் காசு தர முடியாது என்றது மக்கள் சபை. ராஜா சபையை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தாமே ஓர் அவசரச் சட்டம் போட்டுக்கொண்டார். எங்கள் யூட்லாந்துப் பக்கத்து விவசாயிகளுக்கு அது பொறுக்கவில்லை. சபை ஒப்பாத வரியைக் கட்ட மாட்டோம் என்று பிடிவாதமாக நின்றார்கள். கட்டாதவர்களிடம் பிடுங்கிவர, வெளிர்நீலச் சீருடை போட்ட புதுக் காவல் படை ஒன்று ஊர் ஊராக வந்து இறங்கியது.

அந்தப் படையோடு எவனும் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று ஊர்க் கூடத்தில் எழுந்து சொன்னவர் என் அப்பா லவுஸ்ட். எல்லாரும் கை தூக்கினார்கள். பெண்களுக்குக் கை தூக்கும் உரிமை இல்லை. ஆனால் கட்டுப்பாடு மட்டும் எங்களுக்கும் சேர்த்துத்தான்.

எங்கள் ஊருக்கு வந்த நீலச் சட்டைக்காரரின் பெயர் ஐலர். வரி அதிகாரி அவரைக் கூப்பிடும்போது காதில் விழுந்தது. நான் தினமும் பால் கேன்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு பாலத்தைக் கடந்து பால் பண்ணைக்குப் போவேன். பாலத்தில் அவர் காவல் நிற்பார். கிட்டே போனதும் பேச ஆரம்பித்துவிடுவார். காற்றைப் பற்றிப் பேசுவார், வாத்துக் கூட்டம் தெற்கே போவதைப் பற்றிப் பேசுவார். என் முகம் பாறையாக இருந்தாலும் அவருக்குக் கவலையில்லை.

"நேத்து மழையில நனைஞ்சீங்களே, சளி பிடிக்கலையே?" என்பார். நான் குதிரையின் காதையே பார்த்துக்கொண்டு போவேன். "சரி, பிடிக்கலன்னே வெச்சிக்கறேன்" என்று பின்னாலிருந்து குரல் வரும்.

வண்டி பாலத்தைத் தாண்டியதும் என் பதில்கள் தொடங்கும். சளி பிடித்தது, மூக்கு ஒழுகியது, உங்களுக்கு வேறு வேலை இல்லையா என்று வழி நெடுகக் குதிரையிடம் சொல்லிக்கொண்டு போவேன். அந்த மனிதரை எனக்குப் பிடித்திருந்தது. ஒரே ஒரு நாள் வண்டியை நிறுத்தி அவரோடு வாய்விட்டுப் பேசிவிட வேண்டும் என்று ஏங்கினேன். ஆனால் நான் லவுஸ்டின் மகள்.

இலையுதிர் காலத்தில் எங்கள் முறை வந்தது. வரிக்காக எங்கள் சினைப்பசுவை ஏலம் விடப்போவதாக அறிவித்தார்கள். ஏலத்துக்கு ஊரே வரும். எல்லாரும் கையைப் பையில் விட்டுக்கொண்டு நிற்பார்கள். ஒருவரும் விலை கேட்க மாட்டார்கள். அதுதான் எங்கள் வழக்கம். பக்கத்து வீட்டு க்ரெனின் குதிரையை அப்படித்தான் கேட்பாரில்லாமல் நகரத்துக்கு ஓட்டிப்போய்க் கசாப்புக்காரனிடம் தள்ளினார்கள். அப்பாவுக்கு அது தெரியும். இருந்தும் காலையில் பசுவைத் தேய்த்துக் குளிப்பாட்டி, நிமிர்ந்த தலையோடு முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்.

வரி அதிகாரி வந்தார், தொண்டையைக் கனைத்தார். "லவுஸ்டின் வரி நேத்தே கட்டியாச்சு. ஏலம் இல்ல, எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

ஊரே அப்பாவைப் பார்த்தது. நான் கட்டவில்லை என்றார் அப்பா. யார் நம்புவார்கள்? குதிரையை இழந்த க்ரென் வாயிலிருந்த புகைக்குழாயை எடுத்துத் தரையில் துப்பிவிட்டு நடந்தார்.

மறுநாளிலிருந்து எங்களோடு யாரும் பேசவில்லை. பால் பண்ணையில் என் கேன்களுக்குப் பக்கத்தில் ஒரு கேன்கூட நிற்காது. அப்பா சொல்லிக்கொடுத்த பாடத்தை ஊர் அப்பாவுக்கே ஒப்பித்தது. மாலையில் அவர் வேலி ஓரம் நின்று, போகிறவர் வருகிறவர் முகத்தையெல்லாம் பார்ப்பார். ஒரு வாரத்தில் ஆளே பாதியாகிவிட்டார்.

யார் கட்டியிருப்பார்கள் என்று எனக்கு முதல் நாளே புரிந்துவிட்டது. அப்பாவை அந்தக் கோலத்தில் அதற்கு மேல் பார்க்க முடியாமல் பாலத்தில் வண்டியை நிறுத்தினேன்.

"ஏன் கட்டினீங்க?"

ஐலர் என்னையே பார்த்தார். "உங்க குரல் இப்படித்தான் இருக்குமா?" என்றார் மெல்ல.

சொல்ல நினைத்து வைத்திருந்தது எத்தனையோ. சொன்னதோ இதுதான்: "ஊர் முன்னாடி வந்து உண்மையச் சொல்லணும். இல்லன்னா எங்கப்பா செத்துருவார்."

"சொன்னா எனக்கு வேலை போயிடும்."

"தெரியும்."

"பசுவாவது உங்ககிட்ட இருக்கட்டும்னுதான் கட்டினேன். அது இப்படி முடியும்னு எனக்குத் தெரியல." பிறகு ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார்.

சொன்னபடி வந்தார். ஆராதனை முடிந்து ஊர் தேவாலய வாசலில் நின்றபோது, நீலச் சீருடையோடு நடுவில் வந்து தொப்பியைக் கழற்றினார். லவுஸ்டின் வரியைத் தன் சம்பளத்திலிருந்து தானே கட்டியதாகவும், லவுஸ்டுக்கு அது தெரியாது என்றும் சொன்னார். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் அது அவரோடு பேசியதாகிவிடுமே. அவராகவே சொன்னார்: "சினைப்பசு. எனக்கு மனசு கேக்கல. வேற ஒண்ணும் இல்ல."

வேறு என்ன என்று எனக்குத் தெரியும். என் பெயர் கெடக் கூடாதென்று அதை விழுங்கினார். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. கூட்டம் விலகி வழி விட்டது, அதன் நடுவே நடந்து போனார். என் வாய் திறந்தது. அதற்குள் க்ரென் வந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார், அப்பா குழந்தை மாதிரி அழுதார், என் தோளைப் பற்றிக்கொண்டார். நான் அசையவில்லை.

அன்று மாலை எங்கள் வீட்டில் காப்பி காய்ச்சி மாளவில்லை. ஊரே வந்து உட்கார்ந்து ராஜாவைத் திட்டியது, சபையைப் புகழ்ந்தது. அப்பா எல்லாரையும்விட உரக்கப் பேசினார்.

இரண்டு நாள் கழித்துப் பாலத்தில் வேறொரு நீலச் சட்டை நின்றது. ஐலரை வேலையிலிருந்து நீக்கி அனுப்பிவிட்டார்களாம். பின்னால் ராஜாவும் சபையும் சமாதானமாகி, படையையே கலைத்துவிட்டார்கள். அதற்குள் கோட்டையையும் கட்டி முடித்திருந்தார்கள். ஐலருக்கு எந்த ஊர், வீட்டில் யார் இருக்கிறார்கள், எங்கே போனால் பார்க்கலாம் என்று நான் விசாரிக்காத ஆளில்லை. யாருக்கும் தெரியவில்லை. எங்கள் ஊரில் ஒருவர்கூட அவரிடம் கேட்டதில்லையே.