எலும்புக்குத் துணை போனவன்

காலை எடுக்காமல் கட்டியை மட்டும் எடுக்க ஒரு வழி இருக்கிறது என்று எலும்பு டாக்டர் சொன்னதும் அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். மாமா மட்டும் "எப்படி?" என்று கேட்டார். அவர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் எப்படி என்று கேட்காமல் விடமாட்டார். தையல் மிஷின் ரிப்பேர் செய்கிற எனக்கும் அதே வியாதி உண்டு. எங்கள் வீட்டில் எந்தப் பேச்சும் சீக்கிரம் முடியாது.

வழி இதுதான். மாமாவுக்கு முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பில் கட்டி. மருந்து ஏற்றி அதைச் சுருக்கியிருந்தார்கள். இனி அந்த எலும்புத் துண்டையே அறுத்து வெளியே எடுத்து, கட்டியைச் சுரண்டி, மிச்சமிருக்கும் கெட்ட அணுக்கள் சாகும்படி கதிர் பாய்ச்ச வேண்டும். அவ்வளவு பலமான கதிரை உடம்புக்குள் பாய்ச்சினால் சுற்றியுள்ள தோலும் நரம்பும் வெந்துபோகும். வெளியே எடுத்துவிட்டால் பக்கத்தில் கெட்டுப்போக யாரும் இல்லை. பிறகு அதே துண்டை அதே இடத்தில் வைத்துத் தகடும் திருகும் போட்டு முடுக்கிவிடலாம். சொந்த எலும்பு என்பதால் அளவு தப்பாது.

"அதாவது பார்ட்டைக் கழட்டி சர்வீஸுக்கு அனுப்புறீங்க" என்றார் மாமா.

"அதேதான். ஆனா போனது சீக்கிரம் திரும்பி வரணும். கால் ரொம்ப நேரம் திறந்து கெடந்தா கிருமி ஏறிடும். அப்புறம் காலையே…" டாக்டர் அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

கதிர் இயந்திரம் அதே கட்டிடத்தின் அடித்தளத்தில் இருந்தது. நோயாளி எண் கொடுத்தால்தான் அதன் கணினி வேலை செய்யும். மாமாவின் எண்ணைக் கொடுத்தால், இவர் இப்போது ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறார் என்று மறுத்துவிடும். ஒரே ஆள் எப்படி இரண்டு இடத்தில் இருப்பார்? அது கேட்டதும் நியாயம்தான். ஆகவே எலும்பைத் தனி நோயாளியாகச் சேர்த்துவிட்டார்கள். நோயாளி என்றால் துணையாள் வேண்டும். மாமாவுக்கு அக்கா. எலும்புக்கு நான்.

ஆபரேஷன் அன்று மாமா முழு மயக்கம் வேண்டாம் என்று அடம்பிடித்து, இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டார். தன் உடம்பில் நடக்கிற வேலையைப் பார்க்க முடியாவிட்டாலும் கேட்கவாவது வேண்டுமாம். எலும்பைக் கிருமியில்லாத உறைகளில் சுற்றி, ஒரு எஃகுப் பெட்டியில் வைத்து என்னிடம் கொடுத்தார்கள். நோயாளியின் மணிக்கட்டில் கட்டுகிற அடையாளப் பட்டையைப் பெட்டியின் கைப்பிடியில் கட்டியிருந்தார்கள்.

கீழே நர்ஸ் வழக்கமான கேள்விகளைக் கேட்டார்.

"நோயாளி காலையில ஏதாவது சாப்பிட்டாரா?"

"இல்லைங்க."

"நகை, மோதிரம் ஏதாவது?"

"கிடையாதுங்க."

"பதட்டமா இருக்காரா?"

"நான்தாங்க பதட்டமா இருக்கேன்."

"உங்களைக் கேக்கல."

கதிர் பாய்ச்சுவது பெரிய வேலையாக இல்லை. திரும்பி வருவதுதான் பெரிய வேலையாகிவிட்டது. கதிர் வாங்கிய நோயாளியை நாற்காலியில்தான் கொண்டுபோக வேண்டுமாம். தள்ளுவண்டிக்காரர் சக்கர நாற்காலியோடு வாசலில் நின்றார்.

"நானே கையில எடுத்துட்டுப் போறேனே" என்றேன்.

"எடுத்துட்டுப் போய், அவரு கீழ விழுந்தா யாரு பதில் சொல்றது?"

பெட்டியை உட்கார வைத்து பெல்ட் போட்டார். குளிரும் என்று போர்வை போர்த்தினார். கால் வைக்கும் பலகையைக் கொஞ்ச நேரம் யோசனையோடு பார்த்துவிட்டு மடக்கினார்.

லிஃப்டில் ஏறினோம். கதவு மூடியது. கொஞ்சம் மேலே போனதும் ஒரு வெட்டு வெட்டி நின்றது. எந்தப் பொத்தானுக்கும் அசையவில்லை.

மேலே ஒரு கால் திறந்து கிடக்கிறது. அதன் நடுத்துண்டு இங்கே போர்வைக்குள் இருக்கிறது. அக்காவுக்குப் போன் போட்டேன். அவள் தியேட்டர் கதவை உடைக்கிற மாதிரி தட்டியிருக்கிறாள். ஒரு நர்ஸ் அந்தப் போனை வாங்கி மாமாவின் காதில் வைத்தார்.

"மாமா, லிஃப்ட் நின்னுபோச்சு!"

"எந்த லிஃப்ட்டு?"

"இந்த ஆஸ்பத்திரி லிஃப்ட்டுதான். உள்ள நான் இருக்கேன், நீங்களும் இருக்கீங்க."

"நான் சர்வீஸ் பண்ண லிஃப்ட்டு. சும்மா நிக்காது மாப்ள. கதவுல என்ன மாட்டியிருக்கு பாரு."

பார்த்தேன். நாற்காலி பெல்ட்டின் நீளமான வால் கதவிடுக்கு வழியாக வெளியே போயிருந்தது. அதன் கொக்கி அடித்தளத்தின் வெளிக்கதவில் சிக்கியிருக்க வேண்டும். நாங்கள் ஏற ஏற பெல்ட் விறைத்து, உள்கதவை ஒரு நூல் அளவு இழுத்திருக்கிறது. லிஃப்ட் கதவின் மேலே ஒரு சின்னத் தொடுமுனை உண்டு. கதவு முழுதாகச் சேர்ந்திருந்தால்தான் அதன் வழியே மோட்டாருக்கு உத்தரவு போகும். நூலளவு விலகினாலும் லிஃப்ட் நின்றுவிடும். யார் கையும் நசுங்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

"பாத்தியா? எவ்வளவு கரெக்டா நின்னிருக்கு!" மாமாவின் குரலில் பெருமை.

பின்னால் டாக்டர் கத்துவது கேட்டது: "அசையாதீங்க!"

"எதை டாக்டர் அசைக்கிறது? அதான் லிஃப்ட்டுல இருக்கே! மாப்ள, பெல்ட்ட வெட்டிட்டு, ரெண்டு கையாலயும் கதவை நெருக்கித் தள்ளு."

நூல் வெட்டும் கத்தரி எப்போதும் என் சட்டைப்பையில் இருக்கும். எடுத்தேன். தள்ளுவண்டிக்காரர் பெல்ட்டைப் பொத்திப் பிடித்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரிப் பொருள். தொடாதீங்க."

போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணே," என்றார் மாமா, "உங்க நாற்காலியில உக்காந்திருக்கறது யாரு?"

"நோயாளி."

"அந்த நோயாளி நான்தான். எனக்கு பெல்ட்டு இறுக்குது. எடுத்துவிடுங்க."

தள்ளுவண்டிக்காரர் யோசித்தார். நோயாளியே கேட்கும்போது மறுக்க விதியில் இடமில்லை போலிருக்கிறது. கையை எடுத்தார். வெட்டினேன். வால் சாட்டை மாதிரி வெளியே பறந்தது. கதவை நெருக்கினேன். மேலே மோட்டார் முனகியது.

"கேக்குது, கேக்குது" என்றார் மாமா. "வா மாப்ள."

எலும்பை வைத்து முடுக்கினார்கள். ஆனால் முடுக்கினால் ஒட்டிவிடாது. திரும்பி வந்தது செத்த எலும்பு. இரு முனைகளிலும் இருக்கும் உயிருள்ள எலும்பு மெல்ல மெல்ல அதற்குள் ஊர்ந்து, பழையதை அரித்துப் புதியதைக் கட்டிக்கொண்டே வர வேண்டும். அது சேராவிட்டால் தகடு ஒருநாள் களைத்து உடையும். எக்ஸ்ரேயில் இரண்டு முனையிலும் ஒட்டாத இடைவெளி கருங்கோடாகத் தெரிந்தது. ஒவ்வொரு முறையும் தையலைச் சோதிக்கிற மாதிரி அதைச் சோதிப்பேன். கோடு அப்படியே இருக்கும். மாமா கோல்களை ஊன்றிக்கொண்டு வீட்டுக்கு வருவார். லிஃப்ட் கூரைமேல் குந்தி உட்கார முடியாத மெக்கானிக்கை யார் கூப்பிடுவார்கள்?

மழைக்காலம் போய் வெயில் ஏறிய ஒரு காலை, படத்தில் கோட்டைத் தேடினேன். கிடைக்கவில்லை. டாக்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். அவருக்கும் கிடைக்கவில்லை.

"சேந்துடுச்சு. கோலைப் போட்டுட்டு நடங்க."

அக்கா அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

கிளம்பும்போது தள்ளுவண்டிக்காரர் நாற்காலியோடு வந்து நின்றார். கணினியில் இரண்டாவது நோயாளி இன்னும் அடித்தளத்திலேயே இருக்கிறாராம். இன்று அவரையும் அனுப்பியாக வேண்டும்.

"நான் நடந்தே போறேண்ணே" என்றார் மாமா.

"நீங்க நடங்க. இது அவருக்கு."

மாமா தன் காலைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். பிறகு அதைத் தானே வாங்கித் தள்ளிக்கொண்டு நடந்தார். லிஃப்டுக்குள் போனதும், "பாரு, மறுபடியும் தொங்குது" என்று முழங்காலை மடக்கிக் குந்தி உட்கார்ந்து, புது பெல்ட்டின் வாலை எடுத்து இருக்கைக்குள் செருகினார். சுவரைப் பிடிக்காமல் எழுந்தார்.

கதவு முழுதாகச் சேர்ந்தது.