விட்ட இடம்

அந்த சோப்பு ஆலையில் கலவை இயந்திரத்துக்குள் இறங்கிக் கழுவ வேண்டுமென்றால் பதினோரு படிகள். மெயின் சுவிட்சை அணை, அதைப் பூட்டு, சாவியைப் பையில் போடு, பச்சைப் பொத்தானை அமுக்கிப் பார், ஓடவில்லை என்றால்தான் மூடியைத் திற என்று வரிசையாகப் போகும். புதிதாக வருகிறவர்கள் வரிசை தப்பாமல் செய்கிறார்களா என்று பார்த்து மதிப்பெண் போடுவது பயிற்சியாளரின் வேலை. பதினெட்டு வருடமாக யாருக்கும் அவர் தயவு தாட்சண்யம் காட்டியதில்லை.

இந்த முறை வந்தவர் அவருடைய தங்கை கணவர்.

மாப்பிள்ளைக்குக் கை சுறுசுறுப்பு. பதினோரு படியையும் மளமளவென்று ஒப்பிப்பார். நடுவில் யாராவது கூப்பிட்டால் மட்டும் போச்சு. முதல் படி முடிந்ததும் பயிற்சியாளர் வேண்டுமென்றே மணி கேட்பார். பதில் சொல்லிவிட்டுத் திரும்புகிறவர் நேராக மூடியைத் திறப்பார். ஒரு வாரம் பழக்கியும் பத்துக்கு ஆறு தடவை இதே கதைதான்.

"விட்ட இடம் ஞாபகம் இல்லன்னா முதல்லேருந்து ஆரம்பிங்க மாப்பிள்ளை. அதுல கௌரவம் ஒண்ணும் குறைஞ்சிடாது."

"வேலை நடுவுல யாரு மச்சான் வந்து மணி கேட்கப் போறா?"

அன்று மாலை தங்கை போனில் அழுதாள். "எட்டு மாசமா வீட்டுல சும்மா உட்கார்ந்திருக்காரு அண்ணா. நீயே கைவிட்டுடாதே."

மனசைக் கல்லாக்கிக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. மறுநாள் 'தேர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மூன்றாம் நாள் மதியம், மாப்பிள்ளை கழுவ வேண்டிய இரண்டாம் எண் இயந்திரம் நின்றது. பயிற்சியாளர் சாப்பாட்டைப் பாதியில் மூடிவைத்தார். எழுந்து போனார். எதிரே மேற்பார்வையாளர் சிரித்துக்கொண்டே வந்தார். "உங்க மாப்பிள்ளைகிட்ட இப்பத்தான் ரெண்டு வார்த்தை பேசிட்டு வரேன். தங்கமான மனுஷன்."

பயிற்சியாளர் ஓடினார்.

மூடி திறந்திருந்தது. மாப்பிள்ளை இடுப்புவரை உள்ளே இருந்தார். பூட்டு தரையில் கிடந்தது. இயந்திரத்துக்கு அந்தப் பக்கம், உள்ளே ஆள் இருப்பது தெரியாத ஆபரேட்டர் மெயின் சுவிட்சைப் போட்டுவிட்டுப் பச்சைப் பொத்தானுக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"தொடாதே!"

அந்தக் கை அப்படியே நின்றது. மாப்பிள்ளை நுரை அப்பிய முகத்தோடு எட்டிப் பார்த்தார். "என்ன மச்சான், இப்படிக் கத்துறீங்க?"

பயிற்சியாளர் நேராக மேலாளரிடம் போனார். "அவர் தேறல சார். நான்தான் பொய்யா எழுதினேன். என்னை என்ன வேணா செய்யுங்க, அவரை நிறுத்துங்க."

மேலாளர் மதிப்பெண் தாளைப் புரட்டிப் பார்த்தார். "ஒண்ணும் ஆகலையே. ஆள் கிடைக்காம நானே அல்லாடறேன். எழுதினது எழுதினபடியே இருக்கட்டும்."

ஷிஃப்ட் முடியும்வரை பயிற்சியாளர் பச்சைப் பொத்தானை மறைத்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை இன்னும் இரண்டு தடவை உள்ளே இறங்கி ஏறினார்.

கிளம்பும்போது அவர் முகமெல்லாம் பூரிப்பு. "நாளையிலேருந்து என்னைப் பக்கத்து ஆலைக்கு அனுப்பறாங்க மச்சான். அங்கே மெஷின் இதைவிட மூணு மடங்கு பெருசாம்."