வடிகட்டித் தொட்டியில் லூர்துசாமி

நகராட்சிக் குடிநீர் நிலையத்தை மேம்படுத்தியபோது, வடிகட்டித் தொட்டியின் பழைய மணலை அள்ளிவிட்டு லூர்துசாமியைப் படுக்கவைத்தார்கள். இரவுப் பணியில் நாங்கள் இரண்டு பேர். அவனைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

ஆற்றுத் தண்ணீர் அவன்மேல் விழுந்து, கீழே சுத்தமாக இறங்கியது. அவன் படுத்தபடியே சீட்டியடிப்பான். அதுவும் குழாயில் போனது. ஊரே சீட்டியடித்தது.

என் மனைவி கோமதியும் பாத்திரம் கழுவும்போது சீட்டியடித்தாள். கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டில் அவள் வாயிலிருந்து ஒரு மெட்டும் வந்ததில்லை.

“என்ன பாட்டு அது?”

“தெரியல. தண்ணி குடிச்சா வருது.”

“இனிமே காச்சிக் குடி.”

“காச்சுனா ருசி போயிரும்.”

பொறியாளர் அம்மாவிடம் போய், என்னையும் தொட்டியில் போடச் சொன்னேன். அவர் என்னை ஒரு கண்ணாடிக் குடுவையில் இறக்கி, படிகாரம் போட்டுக் கலக்கினார். காத்திருந்தோம். அடியில் பச்சையாக, தடிப்பாக ஏதோ படிந்தது.

“ஆத்துத் தண்ணிகூட இவ்வளவு கலங்கல் இல்லய்யா. நீங்க வால்வையே பாத்துக்கோங்க.”

பார்த்துக்கொண்டேன். எங்கள் தெருவுக்குப் போகும் வால்வை மூடினேன்.

கோமதி குடத்தோடு நிலையத்துக்கே வந்துவிட்டாள். தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள்.

“நல்லா இருக்கீங்களா?”

“இருக்கேன் மதினி. முதுகுதான் ஊறிப்போச்சு.”

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கல்யாணத்தன்று போட்டோகிராபருக்குக் கொடுத்தாள். எனக்குக் கொடுத்ததில்லை.

தொட்டியை அவ்வப்போது தலைகீழாகக் கழுவ வேண்டும். கீழிருந்து தண்ணீரை ஏற்றினால், பிடித்த அழுக்கெல்லாம் மேலே கிளம்பிச் சாக்கடைக்கு வழியும். அது என் வேலை. லூர்துசாமியும் வழிந்துவிடுவான் என்று நினைத்தேன். முழுவதும் திறந்தேன்.

தண்ணீர் பொங்கியது. அவன் அசையவில்லை. என் செருப்பு மிதந்து வந்தது. பிறகு என் சட்டை. பிறகு நான்.

“மதினி, தள்ளி நில்லுங்க. அழுக்கு வருது.”

கோமதி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வழிவிட்டாள்.

“எங்க வீட்டுச் சட்ட மாதிரியே இருக்கு.”

“எல்லார் வீட்டு அழுக்கும் அப்படித்தான் இருக்கும்.”

சாக்கடை ஆற்றில் சேர்ந்தது. அன்று ஆறு மேட்டைப் பார்த்து ஓடியது. போகும்போது சீட்டியடித்துப் பார்த்தேன். காற்றுதான் வந்தது.

விடிந்ததும் நிலையத்து மோட்டார் ஆற்றுத் தண்ணீரோடு என்னையும் இழுத்தது. லூர்துசாமியின் மேல் விழுந்தேன்.

“வாங்க அண்ணாச்சி” என்றான்.

என்னைப் பிடித்து வைத்துக்கொண்டு, மீதியைக் கோமதியின் குடத்துக்கு அனுப்பினான்.