இந்தத் தடவை வலது தொடை

மாடி வீட்டு நர்ஸை என் வீட்டுக்காரர் வாய் நிறைய சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். கூப்பிட்டால் ஆயிற்றா? இவர் தொடையில் அவள் ஊசி போடும்போது இவர் சிரிக்கிற சிரிப்பு இருக்கிறதே, கல்யாணமான புதிதில்கூட அதை நான் பார்த்ததில்லை. வயிறு எரியும் எனக்கு.

அவருக்கு மூட்டுவாதம். வயதானால் வருகிற தேய்மானம் இல்லை, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்குகிற வகை. பள்ளிச் சீருடை தைக்கிற கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறவர், விரல் வீங்கிக் கத்தரிக்கோலைப் பிடிக்க முடியாமல் போனார். டாக்டர் காசநோய் இருக்கிறதா என்று முதலில் சோதித்துவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடுகிற ஊசியை எழுதிக்கொடுத்தார். பேனா மாதிரி இருக்கும், வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம். நான் போடுகிறேன் என்றேன். உனக்கு முரட்டுக் கை என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறிவிட்டார் மனுஷன்.

அவள் வரும்போதெல்லாம் நான் அடுப்படிக் கதவோரம் நிற்பேன். என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்கத்தான் நின்றேன். மருந்துப் பாடமும் சேர்ந்து மண்டையில் ஏறிவிட்டது. ஃப்ரிட்ஜிலிருந்து அரைமணி முன்னால் எடுத்து வைக்க வேண்டும். வெந்நீரில் வைத்துச் சூடாக்கக் கூடாது, குலுக்கக் கூடாது. போன தடவை இடது தொடை என்றால் இந்தத் தடவை வலது. காய்ச்சல், இருமல், புண் ஏதாவது உண்டா என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள். மருந்து எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைப்பதால், உடம்பில் கிருமி இருக்கும்போது போட்டால் ஆளையே சாய்த்துவிடலாமாம். ஒன்றுமே இல்லை சிஸ்டர் என்று இவர் குழைவார்.

பள்ளி திறக்கிற நேரம், கம்பெனியில் வேலை தலைக்கு மேல். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை என்னைக் கூப்பிட்டு, "இன்னிக்கு நீயே போட்டு விடேன்" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மருந்தை எடுத்து மேசையில் வைத்தேன். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். மாடிக்குக் கேட்கட்டும் என்று ஒரு பாட்டுகூடப் பாடினேன். நேரம் ஆனதும் பஞ்சும் ஸ்பிரிட்டுமாகப் போய் உட்கார்ந்தால், அவர் இடது காலில் மட்டும் லுங்கியை ஒதுக்கிக் காட்டினார்.

இந்தத் தடவை வலது அல்லவா என்றேன். பரவாயில்லை, இதிலேயே போடு என்றார். நான் விடுவேனா? வலது பக்கத்தையும் இழுத்துப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே சிவந்து வீங்கி, நடுவில் சீழ் கட்டியிருந்தது. தொட்டால் கொதித்தது. நெற்றியும் சுட்டது. வெட்டுகிற மேசையின் தகடு கிழித்ததாம், சில நாளாக மறைத்தே வைத்திருக்கிறார்.

"சிஸ்டர் பாத்தா போடமாட்டாங்க. நீன்னா கண்டுக்க மாட்டேன்னு நெனச்சேன்."

என் கைதான் வேண்டும் என்று கூப்பிட்டதாக நான் பூரித்ததெல்லாம் மண்ணாய்ப் போயிற்று. அவள் விவரமானவள், நான் ஏமாளி, அதனால்தான் இந்த மரியாதை.

அவர் கெஞ்சினார். ஊசி தள்ளிப்போனால் விரல் மடங்காது, அவருடைய மேசைக்குப் புதிதாக வந்த ஒருத்தன் கண் வைத்திருக்கிறான், இந்த சமயத்தில் படுத்தால் வேலை போய்விடும் என்றார். அதில் பொய் இல்லை. இப்போது போட்டுவிட்டால் இனி எப்போதும் என்னைத்தான் கூப்பிடுவார் என்று எனக்குள்ளும் ஓர் ஆசை எட்டிப் பார்த்தது. வெட்கம் கெட்ட ஆசை.

"மேசைய அவனே வெச்சுக்கட்டும். எனக்கு நீங்க வேணும்" என்று சொல்லிப் பேனாவைக் கீழே வைத்தேன்.

வெளியே எடுத்த மருந்தைத் திரும்ப ஃப்ரிட்ஜில் வைக்கலாமா என்பது மட்டும் எனக்குத் தெரியாது. யாரைக் கேட்பது? பல்லைக் கடித்துக்கொண்டு மாடி ஏறினேன். அவள் ஓடி வந்து பார்த்துவிட்டு டாக்டருக்குப் போன் போட்டாள். உடனே கிளம்பி வரச் சொன்னார் டாக்டர். அங்கே சீழை எடுத்துக் கட்டுப் போட்டு, மாத்திரை எழுதி, தான் சொல்கிறவரை அந்த ஊசியைத் தொடக் கூடாது என்றார்.

"எங்கிட்ட எப்பவும் ஒண்ணும் இல்லன்னுதானேக்கா சொல்வார்?" என்று கேட்டபோது அவள் முகம் சுருங்கிப்போயிருந்தது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

அவர் பயந்தபடியே ஆயிற்று. விரல்கள் விறைத்துக்கொண்டன. மேசைக்கு அந்தப் புது ஆளே வந்துவிட்டான். இவரைக் கணக்குப் பார்க்க உட்கார வைத்தார்கள். தினமும் சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிட்டேன், அப்போதும் என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நீ போட்டிருந்தால் என்று ஒருநாள் ஆரம்பித்தார், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

புண் ஆறி, டாக்டர் சரி என்றதும், என்னைத் தாண்டிக்கொண்டு போய் மாடிப்படியில் நின்று சிஸ்டர் என்று கத்தினார். வந்தாள். இவர் பழையபடி இளித்தார். ஒன்றுமே இல்லை சிஸ்டர், போடுங்கள் என்றார்.

அவள் பேனாவைத் தொடையருகே பிடித்தபடி அவரைப் பார்க்கவே இல்லை. கதவோரம் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"போடலாமாக்கா?"

அவர் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. இரண்டு பேரையும் கொஞ்ச நேரம் காக்க வைத்துவிட்டுத்தான், போடு என்றேன்.