டீசல் கசிந்த இடம்

றிஸ்மினாவின் வேனில் ஏறும் பிள்ளைகள் மூக்கைப் பொத்தத் தொடங்கி இரண்டு கிழமை. கண்டக்குழியிலிருந்து கற்பிட்டிப் பாடசாலைக்குப் பதினொரு பிள்ளைகளை அவள் ஏற்றிப் போகிறாள். வியாழக்கிழமை ஒரு சிறுமி டீசல் நாற்றம் தாங்காமல் வாந்தி எடுத்தாள். அன்று பின்னேரமே இரண்டு தாய்மார் போனில் கோல் எடுத்து, திங்களிலிருந்து பிள்ளைகளை வேறு வேனில் அனுப்ப யோசிப்பதாகப் பக்குவமாகச் சொன்னார்கள்.

மெக்கானிக் நஸீர் எஞ்சினைப் பார்த்துக் கையை விரித்தார். மணலும் ஒயிலும் இப்படி அப்பிக் கிடந்தால் எங்கே கசிகிறதென்று கண்டுபிடிக்க முடியாது, கழுவிவிட்டுக் கூப்பிடுங்கள் என்றார். கழுவத்தான் றிஸ்மினாவுக்குப் பயம். போன வருசம் பக்கத்து வீட்டார் எஞ்சினுக்குள் தண்ணீர் அடித்து, அவர்களின் வேன் மூன்று நாள் அசையாமல் நின்றது.

அவள் தன் மதினி அஸ்காவிடம் கேட்டாள். கணவனின் தங்கையான அஸ்கா, சுற்றுலா லொட்ஜ் ஒன்றில் ஜீப்புகளைக் கழுவும் வேலை பார்ப்பவள். சனிக்கிழமை காலை லொட்ஜில் சொல்லிவிட்டு, தண்ணீர் அடிக்கும் பிரஷர் மெஷினை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

முதலில் எஞ்சினில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். இரவு முழுக்க நின்றதால் நன்றாகக் குளிர்ந்திருந்தது. சூடான எஞ்சினில் தண்ணீர் பட்டால் வெடிப்பு விழும் என்றாள். பிறகு பெற்றரியின் கறுப்பு வயரைக் கழற்றினாள். பியூஸ் பெட்டி, ஒல்டனேட்டர், காற்று இழுக்கும் குழாய் வாய் எல்லாவற்றையும் பொலித்தீன் பையால் மூடி டேப் ஒட்டினாள். அதற்கே முக்கால் மணித்தியாலம் போனது. றிஸ்மினாவுக்குப் பொறுமை கெட்டது. அஸ்கா ஒயில் பிசுக்கை இளக்கும் மருந்தைத் தெளித்துப் பிரஷால் தேய்த்து முடித்ததும், மெஷினின் தண்ணீர்த் துப்பாக்கியைத் தானே வாங்கி எஞ்சினுக்குள் குனிந்தாள். அஸ்கா அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

"கிட்டப் போவாதீங்க மதினி. சேறு கழண்டாப் போதும், வயர் கழண்டுறப் போவுது."

அழுத்தத்தைக் குறைத்து, தண்ணீரை விசிறியாக விரித்து, ஒரு கை தூரத்தில் நின்று அடித்தார்கள். கறுப்பாக ஓடிய தண்ணீர் மெல்லத் தெளிந்தது. எஞ்சினின் சொந்த நிறத்தை றிஸ்மினா அன்றுதான் கண்டாள்.

பைகளை அவிழ்த்து, எஞ்சின் மூடியைத் திறந்துவைத்துக் காற்றில் காயவிட்டு, லுஹர் தொழுது, சாப்பிட்டு வந்தார்கள். வயரை மாட்டியதும் றிஸ்மினா சாவியைத் திருப்பினாள். முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்தது.

அஸ்கா டோர்ச் அடித்துக் குனிந்தாள். கைபடாமல், எட்ட நின்றே நெடுநேரம் பார்த்தாள். டீசல் பில்டருக்குப் போகும் ரப்பர் குழாயில், வெடிப்பு ஒன்றின் ஓரத்தில் ஒரு துளி மினுங்கியது. எஞ்சினை நிறுத்தச் சொல்லி, வெள்ளைத் துணியால் துடைத்தாள். மீண்டும் ஓட்டியதும் அதே இடத்தில் துளி திரண்டது.

"இந்தா ஈக்கிது. வேற ஒரு எடமும் இல்ல," என்றாள்.

அஸர் தொழுகைக்குப் பிறகு நஸீர் புதுக் குழாயோடு வந்து பத்து நிமிடத்தில் மாற்றினார். யார் கழுவியது, ஒரு வயர்கூட நனையவில்லையே என்று கேட்டார். றிஸ்மினா மதினியைக் காட்டினாள்.

பின்னேரம் இரண்டு தாய்மாருக்கும் கோல் எடுத்து, கசிவு நின்றுவிட்டதைச் சொன்னாள். ஒருத்தி உடனே சரியென்றாள். மற்றவள் வந்து பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னாள். அதுவும் நியாயம்தான் என்று றிஸ்மினாவுக்குப் பட்டது.

மெஷினைத் திருப்பிக் கொடுக்க இருவரும் வேனில் புறப்பட்டார்கள். கண்ணாடிகளை ஏற்றியிருந்தும் உள்ளே ஒரு மணமும் இல்லை. பாதி வழியில் அஸ்கா முன் சீற்றில் தூங்கிப்போனாள். எழுப்ப மனமில்லாமல், றிஸ்மினா லொட்ஜ் வாசலைக் கடந்து கடற்கரை ரோட்டில் மெதுவாக ஓட்டிக்கொண்டே போனாள்.